வீராசாமி வீட்டுக் கிளாரினெட்

அன்புக்கரசி பொய் சொல்கிறாளோ என்று அமலாவுக்கு முதலில் தோன்றியது அவள் உதட்டைப் பார்த்துத்தான்.

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அமலா டிரம்பெட் சொல்லிக்கொடுத்துவந்தாள். சர்ச்சிலும் கல்யாணங்களிலும் வாசிக்கிற சின்ன பேண்டு செட் ஒன்றையும் நடத்தினாள். அவளிடம் கற்றவர்களில் ப்ளஸ் ஒன் படிக்கும் அன்புக்கரசிதான் கெட்டி. அன்றைக்கு அவளுக்கு மேல் ஸ்வரங்கள் பிசிறடித்தன. உதட்டைக் காட்டச் சொன்னாள் அமலா. கீழுதட்டின் உட்புறம் பல் அழுத்திய சிவப்புக் கோடு இருந்தது. டிரம்பெட் அப்படித் தழும்பு போடாது. உதட்டைக் கீழ்ப்பல்லின்மேல் மடித்து வாசிக்கிற கிளாரினெட்தான் போடும்.

"கடிச்சிக்கினேன்க்கா" என்றாள் அன்புக்கரசி.

போன மாதம்தான் அவள் கிளாரினெட் கற்றுக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாள். உதடு கெட்டுப்போகும், டிரம்பெட் முழுசாகக் கைக்கு வரும்வரை வேறு எதையும் தொடக்கூடாது என்று அமலா சொல்லிவிட்டாள். பெண் மறுபேச்சு பேசவில்லை. அந்தப் பக்கத்தில் நல்ல கிளாரினெட் இருப்பது அவலூர்பேட்டை வீராசாமி மாஸ்டரிடம்தான். ஏற்கெனவே அமலாவின் ஆட்கள் இரண்டு பேரைத் தன் செட்டுக்கு இழுத்துக்கொண்டவர் அவர்.

அதற்குப் பிறகு எல்லாமே சந்தேகமாகத் தெரிந்தது. மெசேஜ் வந்தால் பெண் போனைக் கவிழ்த்து வைத்தாள். அமலா சொல்லித்தராத ஒரு மெட்டை முணுமுணுத்தாள். முகூர்த்த மாதத்துக்கென்று தயார் செய்த புதுப் பாட்டுகள் வீராசாமி காதுக்குப் போய்விடும் என்று, அவள் இருக்கும்போது அமலா அவற்றை வாசிப்பதையே நிறுத்தினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளைப் போனில் கூப்பிட்டாள். ஸ்விட்ச் ஆஃப். அவளுடைய நைனாவைக் கூப்பிட்டால், "உங்ககிட்டதானம்மா ஸ்பெஷல் கிளாஸுன்னு போயிருக்குது?" என்றார்.

"ஆமாங்க, வந்துடும்" என்று சொல்லிவிட்டாள் அமலா. ஏன் காப்பாற்றினோம் என்று அவளுக்கே புரியவில்லை. நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அவலூர்பேட்டை பஸ் ஏறினாள். அமாவாசை. நிற்கக்கூட இடமில்லை. மேல்மலையனூரில் கோயில் கூட்டம் இறங்கிய பிறகுதான் உட்கார முடிந்தது. வீராசாமியிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனாள்.

வீராசாமியின் ஷெட்டில் ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. உள்ளே செட் ஒத்திகை நடந்தது. வெளியே வேப்பமரத்தடியில், பிளாஸ்டிக் நாற்காலியில், தனியாகக் கிளாரினெட் ஊதிக்கொண்டிருந்தாள் அன்புக்கரசி. அமலாவைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

வீராசாமி குனிந்து வெளியே வந்தார். "ஆளை அனுப்பனது பத்தாதுன்னு நீயே வந்துட்டியாம்மா?"

அமலாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து அன்புக்கரசியின் போனை எடுத்துக் காட்டினார். தன் பாட்டுகளைப் பதிவு செய்துகொண்டு போகத்தான் அமலா இந்தப் பெண்ணை அனுப்பியிருக்கிறாள் என்று முதல் நாளே தெரிந்துகொண்டாராம். அதனால்தான் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார். ஷெட்டுக்குள் விடுவதில்லை. விரட்டவும் மனசு வராமல், இருப்பதிலேயே பழைய கிளாரினெட்டைக் கொடுத்து வெளியே உட்கார வைத்திருக்கிறார். அன்புக்கரசியைத் தன் செட்டில் சேரச் சொன்னாரா என்று அமலா கேட்டதற்கு, உன் ஆளை எவன் சேர்ப்பான் என்றார். நடிக்கிறாரோ என்று அவர் முகத்தையே பார்த்தாள். அவரும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் யாரோட ஆளும் இல்லக்கா" என்றாள் அன்புக்கரசி. "நீங்க தொடவே கூடாதுன்னீங்க. மாஸ்டர் யாரு அனுப்பனதுன்னு கேட்டாரு. இது எப்படி பேசுதுன்னு பாக்கணும்னுதான் வந்தேன். வேற ஒண்ணுமில்ல."

அமலா நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள். பிறகு வாசித்துக்காட்டச் சொன்னாள்.

சத்தம் கரடுமுரடாகத்தான் வந்தது. இரண்டு இடத்தில் கீச்சிட்டது. ஆனால் மூச்சு அறுபடவில்லை. அமலா மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்த மூச்சு அது. டிரம்பெட் வாசிக்கும்போது, சரியா தப்பா என்று அமலாவின் முகத்தையே பார்க்கிற பெண், இங்கே கண்ணை மூடியிருந்தாள். உதடு கெட்டுப்போகும் என்று சொன்னது பாதிதான் உண்மை, இவள் நம்மைவிட்டுப் போய்விடுவாளோ என்ற பயம்தான் மீதி என்று அமலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வீராசாமியும் ஷட்டருக்குள் திரும்பிப் போகாமல் கேட்டுக்கொண்டு நின்றார்.

ஞாயிறு இங்கே கிளாரினெட், மற்ற நாள் அங்கே டிரம்பெட் என்று பேசி முடித்தார்கள். அன்று மாலையே அமலா அன்புக்கரசியின் நைனாவைப் போனில் கூப்பிட்டு, தான் சொன்ன பொய்யையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னாள். அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் பெண்ணை நிறுத்தவில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்குச் சர்ச்சில் அன்புக்கரசி முதல் பாட்டுக்கு டிரம்பெட்டும் கடைசிப் பாட்டுக்குக் கிளாரினெட்டும் வாசித்தாள். வீராசாமி வந்திருந்தார். உள்ளே வரவில்லை. சர்ச் கேட்டுக்கு வெளியே பைக்கில் சாய்ந்துகொண்டு முழுவதையும் கேட்டார். பெண்ணுக்காக வந்தாரா, தன் மெட்டு ஏதாவது காதில் விழுகிறதா என்று பார்க்க வந்தாரா என்று அமலாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு டீ வாங்கிக்கொண்டு போய் அவரிடம் நீட்டினாள். ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு வாங்கிக்கொண்டார்.