இரண்டு பெயருக்கு ஒரு தலை

பதினோரு வருடங்களில் சங்குவான் தன் மகனின் பயிற்சிக்கூடத்துக்குப் போனது ஒரே ஒரு முறை. அதுவும் மகனைப் பார்க்க அல்ல, பெயரைத் திரும்பக் கேட்க.

மகன் கோப் நாற்பத்தொன்பது கிலோ எடையில் மோதுகிற குத்துச்சண்டைக்காரன். தொழிலில் இறங்கிய அன்றே பயிற்சிக்கூடத்து ஹெங் முதலாளி அவனுக்கு மேடைப் பெயர் வைத்துவிட்டார்: கருவைரம் ஏழுமயில் உரம். முன்பாதி அவன் குத்துக்காக, பின்பாதி கூடத்துக்குப் பணம் கொடுக்கிற உரக் கம்பெனிக்காக. முப்பத்தெட்டுச் சண்டைகள் அந்தப் பெயரில்தான் நடந்தன. கடைசிச் சண்டையில் ஆறாவது சுற்றில் விழுந்தான். ஸ்டிரெச்சரில் தூக்கிப் போனார்கள்.

மறுநாள் சந்தையில் பப்பாளிக்காய் சாலட் இடித்து விற்கிற பிராயோங் உலக்கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"தலைவரே, உர மூட்டை கிழிஞ்சுபோச்சாமே? கூட்டி அள்ளிட்டாங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சங்குவான் இருபத்திரண்டு வருடம் வட்டாரத் தலைவராக இருந்தவர். தேச்சாசிலா என்பது அவர் குலப்பெயர். பாங்காக் அரசின் சட்டப்படி இந்த நாட்டில் ஒரு குலப்பெயர் ஒரு குடும்பத்துக்கு மட்டும்தான். எங்கே எழுதியிருந்தாலும் அது அவர் ரத்தம். கையெழுத்தாகப் போட்ட அந்தப் பெயருக்கு மேலே ஒரு வரி பொய்கூட எழுதப்பட்டதில்லை என்பது அவருடைய பெருமை. அந்தப் பெயரில் பிறந்தவனை ஊர் உர மூட்டை என்கிறது.

நான்காம் நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

ஹெங் முதலாளி குளிர்ந்த தண்ணீர் வைத்தார். "உக்காருங்க தலைவரே. பையன் நல்லாத்தான் இருக்கான்."

"உக்கார வரல. இனி என் மகன் மேடை ஏறினா என் வீட்டுப் பேர்ல ஏறணும். முழுப் பேரு. இல்லன்னா ஏறவே வேண்டாம்."

 முதலாளி மெல்லச் சிரித்தார். "தாராளமா. பாஸ்போர்ட்டுல இருக்குற பேருதானே? எனக்கும் அதுதான் வசதி."

மூலையில் கோப் கைக்கட்டுத் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தான். இடது கண்ணோரம் இன்னும் ஊதா நிறம். வாயைத் திறந்தான். "அப்பா, அது வந்து..." என்றான். முதலாளி திரும்பிப் பார்த்ததும் துணியை மறுபடி அவிழ்த்துச் சுருட்டினான்.

இவ்வளவு எளிதாக ஒருவர் விட்டுக்கொடுத்தால் சந்தேகப்பட வேண்டும். வட்டாரத் தலைவராக இருந்தபோது சங்குவான் அப்படித்தான் சந்தேகப்பட்டிருப்பார். அன்று அவருக்கு வெற்றி மட்டும்தான் தெரிந்தது.

பத்து நாளில் கைப்பேசிக்குச் சுவரொட்டிப் படம் வந்தது. ஒசாகாவில் சண்டை. ஜப்பான் எழுத்து யாருக்கும் புரியவில்லை. அடியில் மட்டும் ஆங்கிலத்தில் சின்னதாகத் தேச்சாசிலா. பள்ளிக்கூட வாத்தியார் படித்து உறுதி செய்தார். சங்குவான் அதைப் பெரிதாக அச்சடித்து வீட்டு முன்சுவரில் ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்து பார்க்கும்படி ஊரையே அழைத்தார். பிராயோங்கைத் தானே போய் அழைத்தார்.

புதன்கிழமை காலை பல் விளக்கிக்கொண்டே சுவரொட்டியைப் பார்த்தபோதுதான் எண்கள் கண்ணில் பட்டன. எதிராளியின் பெயருக்குக் கீழே 14. கோப்பின் பெயருக்குக் கீழே 3. முப்பத்தெட்டுச் சண்டை போட்டவனுக்கு எப்படி மூன்று?

ஒசாகாவுக்கு அழைத்தார். கோப்பின் குரல் வறண்டிருந்தது. எடைக்காக இரண்டு நாளாகத் தண்ணீரைக் குறைத்திருந்தான்.

"அது முதலாளி எழுதிக் குடுத்ததுப்பா. புது ஆளு, மூணு சண்டை, மூணும் ஜெயிப்புன்னு."

"எதுக்கு?"

மறுமுனையில் கோப் எழுந்து போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"கோப், உன்னத்தான் கேக்குறேன்."

"விழுந்தேன்ல, அன்னிக்கு டாக்டர் தொண்ணூறு நாள் மேடை ஏறக் கூடாதுன்னு எழுதிட்டாரு. கருவைரத்துக்குத்தான்பா அந்தத் தடை. இந்தப் பேருக்குத் தடை இல்ல."

"ரெண்டு பேருக்கும் தலை ஒண்ணுதானடா!"

"நீங்கதானப்பா பேரக் கேட்டீங்க." குற்றம் சொல்லும் குரல் அல்ல. களைத்துப்போன குரல். "அன்னிக்குச் சொல்ல வந்தேன். நீங்க ரொம்ப வருஷம் கழிச்சு என்னப் பாத்து நிமிந்து நின்னீங்க. சொல்ல மனசு வரல."

"மேடை ஏறாத. எடையில தோத்துரு. தண்ணியக் குடி!"

"குடிச்சா இனிமே யாரும் கூப்பிட மாட்டாங்கப்பா. முப்பது வயசாச்சு. எனக்கு வேற என்ன தெரியும்?"

சங்குவான் ஹெங் முதலாளியை அழைத்தார். முதலாளி நிதானமாகவே பேசினார். "என் மேல பாயாதீங்க தலைவரே. நீங்கதான் வந்து நின்னு கேட்டீங்க, பத்துப் பேரு பாத்தாங்க. பேரு பொய்யா? இல்லயே. உங்க அப்பாரு பேரு."

வியாழக்கிழமை முழுவதும் சங்குவான் வீட்டுக்குள்ளேயே இருந்தார். புகார் கொடுத்தால் தேச்சாசிலா என்ற பெயருக்குக் கீழே பொய் எழுதப்பட்டிருக்கிறது என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். ஒருநாள் அதற்கே போயிற்று. அந்த ஒருநாளுக்காகப் பிற்பாடு அவர் தன்னை மன்னிக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை பழைய சீருடையை எடுத்துப் போட்டுக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனார். மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞன் எழுந்து கும்பிட்டான். முழுக்கக் கேட்டான்.

"பாஸ்போர்ட் போலியா, பெரியவரே?"

"இல்ல."

"பேரு?"

"அவனுதுதான்."

"வயசு வந்தவரு. சொந்தப் பேரு. விருப்பப்பட்டுப் போயிருக்காரு. நான் என்னன்னு எழுதறது?" அவன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உண்மையாகவே வருந்தினான். "பாங்காக்ல விளையாட்டு அலுவலகத்துக்கு அனுப்பறேன். ஆனா திங்கக்கிழமதான் பாப்பாங்க."

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஊர் வந்து தொலைக்காட்சி முன்னால் பாயில் உட்கார்ந்தது. அழைத்தவர் அவர், திருப்பி அனுப்ப முடியாது. பிராயோங் ஒரு கூடை ஒட்டரிசிச் சோறும் சுட்ட கோழியும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். "அன்னிக்கு வாய் தவறிப் பேசிட்டேன் தலைவரே. நம்ம பையன்தானே."

அவர் கூடையை நடுப்பாய்க்குத் தள்ளி வைத்தார்.

ஜப்பான் அறிவிப்பாளர் குலப்பெயரைக் கடித்துத் துப்பினார். இருந்தாலும் ஊர் கைதட்டியது. கோப் கழுத்துத் தாயத்தைக் கழற்றி முத்தமிட்டு உதவியாளனிடம் கொடுத்தான். விலா எலும்புகளை எண்ணலாம் போலிருந்தது.

முதல் சுற்றில் நன்றாகத்தான் ஆடினான். இரண்டாவதில் காதோரம் ஒரு சின்னக் குத்து விழுந்தது. அப்படி நூறு குத்து வாங்கியவன் அவன். முழங்கால் மடங்கியது. எழுந்தான். "எழுந்துட்டான்! எழுந்துட்டான்!" என்று பாயில் இருந்தவர்கள் கத்தினார்கள். விழுந்துவிடு, எழாதே என்று சங்குவான் மட்டும் தொலைக்காட்சியைப் பார்த்து வாய்க்குள் மன்றாடினார். மூன்றாவது சுற்றில் முகம் குப்புற விழுந்தான். காமிரா சட்டென்று வேறு பக்கம் திரும்பியது.

 ஈ ஒன்று சோற்றுக் கூடையைச் சுற்றியது.

ஒரு மணி நேரம் கழித்துக் கைப்பேசி அடித்தது. யாரும் எழுந்து போயிருக்கவில்லை. பெண் குரல், சங்குவானின் மொழிதான், ஒசாகாவிலேயே குடியிருக்கிறவள் போலிருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு மொழிபெயர்க்க வந்தவள்.

"நோயாளியோட அப்பாங்களா? பேரச் சரிபாக்கணும். காகிதத்துல தேச்சாசிலான்னு இருக்கு. அவரு கேக்குறப்பல்லாம் கருவைரம் ஏழுமயில் உரம்னு சொல்றாரு. மூளை குழம்பிப் பேசறாருன்னு டாக்டர் நினைக்கிறாரு. இதுக்கு முன்னாடி தலையில அடி உண்டான்னு கேட்டா, அவரோட வந்தவங்க இல்லவே இல்லங்குறாங்க."

சங்குவான் எழுந்து நின்றார். ஊர் முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"குழப்பம் இல்லம்மா. அதுவும் அவன் பேருதான்." சத்தமாகவே சொன்னார். "அந்தப் பேர்ல இருபத்தாறு நாளைக்கு முன்னாடி அடிபட்டு மயங்கி விழுந்தான். தொண்ணூறு நாள் தடை போட்டிருந்தாங்க. தேச்சாசிலான்னு எழுதியிருக்கறதுக்குக் கீழ இருக்குறது பொய். டாக்டர்கிட்ட உடனே சொல்லும்மா."

"இருங்க, சொல்லிட்டு வரேன். வைச்சிடாதீங்க."

கைப்பேசியில் ஏதோ மெல்லிய இசை ஓடத் தொடங்கியது. பிராயோங் எழுந்து வந்து அவர் முழங்கையைத் தொட்டு, உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை. இசை முடிந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.