கரப்பான் வாரண்டி

ஆயர் குரோவில் ஒரு கடைவரிசையின் கடைசிக் கடை முகம்மது அஷ்ரப்புடையது. அலுவலகங்களும் தொழிற்சாலைகளும் கழித்துப்போட்ட மேசைக் கணினிகளை மொத்தமாக வாங்கிவந்து, பழுது பார்த்து, சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கும் தாமான் குடியிருப்புகளுக்கும் விற்பது அவர் தொழில். அவருடைய அக்காள் மகள் மர்வா அங்கே டெக்னீஷியன். பழைய பெட்டிகளின் அழுக்கு அவளுக்குப் பழகிப்போயிருந்தது. திறந்தால் பல்லி எச்சம், திரிதிரியாய்த் தூசி, புராசஸரின் மேல் பொருக்காகக் காய்ந்துபோன பசை. பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் இருந்தால் அந்த அழுக்கு போய்விடும். அவளுக்குக் குமட்டியது அதற்குப் பிறகு நடந்த வேலைதான்.

மாமா பழைய மதர்போர்டிலிருந்த புராசஸரைக் கழற்றிவிட்டு, அதே சாக்கெட்டில் உட்காரக்கூடிய பெரியதொன்றை, நான்கு கோர் கொண்டதை, மாட்டுவார். அது இழுக்கும் மின்சாரத்தை அந்தப் போர்டு தாங்குமா என்று பார்க்கமாட்டார். அதோடும் விடாமல் பயாஸ் அமைப்புக்குள் நுழைந்து வேகத்தையும் வோல்டேஜையும் ஏற்றிவைப்பார். வாங்க வந்தவரின் கண்ணெதிரே சோதனை எண்கள் மளமளவென்று ஏறும்.

"மாமா, புராசஸர் பக்கத்துல இருக்கிற கரன்ட் பார்ட்ஸ் எல்லாம் கொதிக்குது. மேல சூட்ட இறக்க ஒரு ஹீட்சிங்க்கூட இல்ல. இந்த போர்டு தாங்காது."

"கடையில ஓடுற வரைக்கும் தாங்குனா போதும்லா. நாலு கோர்னு ஸ்டிக்கர ஒட்டு."

அப்படி ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிய பெட்டிகளில் ஒன்றைத்தான் பெரியநாயகி அன்றைக்குத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். டுரியான் துங்காலுக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் அவள் வீடு. கல்யாண ரவிக்கைகளுக்குப் பூவேலை செய்து தருபவள். பூவேலை மெஷினை ஓட்டும் மென்பொருள் மிகப் பழையது. இந்தப் பழைய கணினியைத் தவிர வேறெதிலும் அது ஓடாது. ஆகவே புதிது வாங்க வழியில்லை. பெரிய டிசைன்கள் திறக்க நேரமாகிறதே என்று போன மாதம் புராசஸரை மட்டும் மாற்றிக்கொண்டு போயிருந்தாள்.

"பாய், தைச்சிக்கிட்டு இருக்கிறப்பவே பட்டுனு ஆஃப் ஆயிடுது. ஊசி துணியிலயே நிக்குது. மறுபடி போட்டா டிசைன் தள்ளிப் போயிடுது. மயிலோட கழுத்து ஒரு பக்கம், தலை ஒரு பக்கம்! கல்யாணப் பொண்ணோட பட்டு ரவிக்கை பாய். மிச்சம் ஒரு துண்டுதான் இருக்கு. அதுவும் கெட்டா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கல்யாண வீட்டு வாசல்ல நிப்பேன்?"

"ஒக்காருங்கக்கா. நான் பார்க்கிறேன்" என்று அஷ்ரப் பெட்டியைப் பின்னறைக்கு எடுத்துப்போனார்.

பிரஷ் எடுக்க அவர் பின்னாலேயே போன மர்வா கதவருகில் நின்றுவிட்டாள். மாமா பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே துடைத்துவைத்த தட்டைப்போல இருந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து இருமல் மிட்டாய் டப்பா ஒன்றை எடுத்தார். மாமாவுக்குத் தொண்டைக் கமறல், அதற்காகத்தான் டப்பா என்று இத்தனை நாளும் அவள் எண்ணியிருந்தாள். அவர் இடுக்கியால் அதிலிருந்து காய்ந்த கரப்பான் ஒன்றை எடுத்து, புராசஸர் விசிறியின் அடியில் பதமாகச் செருகினார். இன்னொன்றை விரல்களுக்கிடையில் நசுக்கி, கால்களையும் இறக்கைத் துணுக்குகளையும் புட்டுக்குத் தேங்காய்ப்பூ தூவுவதுபோல் போர்டின்மேல் தூவினார். பிறகு அதே விரல்களால், பாதி தின்று வைத்திருந்த கறிபாப்பை எடுத்துக் கடித்தார்.

மர்வா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குள் அவர் பெட்டியை முன்கடைக்குக் கொண்டுபோய்க் கண்ணாடி மேசையில் வைத்திருந்தார்.

"வந்து பாருங்கக்கா. லிப்பாஸ்! கரப்பான் குடும்பமே நடத்தியிருக்கு. ஷார்ட் ஆகாம என்ன ஆகும்? கார்டுலயே போட்டிருக்கு, பூச்சி வந்தா வாரண்டி கிடையாது. எஸ்டேட் வீடுன்னா இப்படித்தான், நான் தப்பா சொல்லல."

கடையில் மவுஸ் வாங்க வந்திருந்த ஒருவர் மேசையை விட்டு ஓரடி விலகிக்கொண்டார். பெரியநாயகி அதைப் பார்த்துவிட்டாள். துப்பட்டா நுனி அவள் வாய்க்குப் போனது.

"எங்க வீட்லயா? டெய்லி டெட்டால் ஊத்திக் கழுவுறேனே பாய். கல்யாணத் துணி இருக்கிற ரூம்னு செருப்பக்கூட உள்ள விடமாட்டேன்." குரல் இறங்கிப்போய்விட்டது. "சாரி பாய். எப்படி வந்துச்சுன்னு தெரியல. வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கரப்பான் ஓடுற வீடுன்னு பேரு வந்துட்டா ஒருத்தி துணி தரமாட்டா."

"ச்சே, நான் ஏன் சொல்லப்போறேன்?" என்றார் அஷ்ரப், பெருந்தன்மையாக. "வேற போர்டு போட்டுத் தாரேன். காசு மட்டும் கொஞ்சம் ஆகும்."

அந்தப் பெருந்தன்மையைத்தான் மர்வாவால் தாங்க முடியவில்லை. பின்னறைக்குத் திரும்பிப்போய் டப்பாவை எடுத்துவந்து, மூடியைத் திறந்து, கண்ணாடி மேசையின் நடுவில் வைத்தாள். மக்கிய வாடை ஒன்று மெல்ல எழுந்தது.

"அக்கா, அது உங்க வீட்டுக் கரப்பான் இல்ல. இந்த டப்பாவுலேர்ந்து இப்பதான் போட்டாங்க. நான் பார்த்தேன். போன மாசம் மாட்டுன பெரிய புராசஸர இந்த போர்டு தாங்கல, அதான் ஆஃப் ஆகுது."

"மர்வா! உள்ள போ."

"நீங்களே சொல்லுங்க மாமா. இது என்ன, இருமல் மிட்டாயா?"

மவுஸ் வாங்க வந்தவர் எட்டிப்பார்த்து, "யா அல்லா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அஷ்ரப் சிரித்தார். "யாவாரம்லா இது. எல்லாக் கடையிலயும் இப்படி ஒண்ணு இருக்கும். சரிக்கா, உங்களுக்கு ஃப்ரீயா செஞ்சி தாரேன், போதுமா?"

பெரியநாயகி சிரிக்கவில்லை. "நான் சாரி சொன்னப்ப வாங்கிக்கிட்டியே பாய்" என்றாள். "கூசாம வாங்கிக்கிட்டியே."

பிறகு மர்வாவின் பக்கம் திரும்பினாள்.

"இந்தப் பெரிய சாமான மாட்டுனது யாரும்மா? நீயா?"

"மாமா மாட்டினாங்க. ஸ்க்ரூ நான் முடுக்கினேன்."

"இது தாங்காதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

டப்பாவைப் பார்த்த அதே பார்வையால் பெரியநாயகி அவளையும் பார்த்தாள். மர்வா அதற்கு ஒதுங்க இடம் தேடவில்லை.

"என் முன்னாலயே செய்யி. உள்ள எடுத்துக்கிட்டுப் போகாத."

மர்வா கண்ணாடி மேசையிலேயே வேலையைத் தொடங்கினாள். துணுக்குகளைக் காற்றடித்து வெளியேற்றி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். நான்கு கோர் புராசஸரைக் கழற்றினாள். இந்தப் போர்டு தாங்கக்கூடிய, பழையதைவிட ஒரு படி வேகமான இரண்டு கோர் புராசஸர் இழுப்பறையில் போன மாதமும் இருந்தது, இன்றும் இருந்தது. ஸ்டிக்கரில் பெருமையாக எழுத முடியாத சாமான் என்பதால் மாமா அதைத் தொட்டதில்லை. அதை மாட்டிப் புதுப் பசை வைத்தாள். பயாஸில் ஏற்றிவைத்த வேகத்தையும் வோல்டேஜையும் இருக்க வேண்டிய அளவுக்கு இறக்கினாள்.

"எண்ணு பெருசா காட்டாதுக்கா. ஆனா பாதியில நிக்காது."

"எண்ண வச்சி நான் ரவிக்கையா தைக்கப்போறேன்? மயில ஓட்டிக் காட்டு."

ஓட்டிக்காட்டினாள். மயில் திரையில் கோடுகோடாக விரிந்தது. மறுபடி ஓட்டினாள், பிறகும் ஓட்டினாள். பிற்பகல் தொழுகைக்கு அஷ்ரப் எழுந்துபோய்த் திரும்பிவந்தபோதும் அது நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. போர்டின் அருகே விரலை வைத்துப் பார்த்தாள், இளஞ்சூடுதான். நாற்காலி போட்டும் பெரியநாயகி கடைசிவரை உட்காரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டாள், துண்டை அப்படியே விட்டுவிட்டாள்.

"அக்கா, துண்டு."

"இந்த மேசையில பட்டது. என் வீட்டுக்குள்ள வராது."

கார் கிளம்பும் ஓசை அடங்கியதும் அஷ்ரப் டப்பாவை மூடி, இழுப்பறையில் பழைய இடத்தில் வைத்தார். அவர் முகத்தில் கோபத்தின் சாயல்கூட இல்லை.

"போனாப் போறா. நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வா. ரேக்குல வாரண்டி கேஸ் இன்னும் இருக்கு" என்றவர், மிச்சமிருந்த கறிபாப்பை எடுத்தார்.

மர்வா ரேக்கிலிருந்து முதல் பெட்டியை இறக்கினாள். அலோர் காஜா வீரப்பன் என்று அட்டையில் இருந்தது. கைப்பேசியில் அவர் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"அங்கிள், உங்க மெஷின இன்னும் தொறக்கல. நீங்க வந்து பக்கத்துல நின்னாதான் தொறப்பேன். ஏன்னு வந்ததும் சொல்றேன்."

"இப்பவே வரவாம்மா?" என்றது வீரப்பனின் குரல்.

"இப்பவே வாங்க."

கறிபாப் வாய்க்கும் மேசைக்கும் இடையில் நின்றது. மாமாவின் முகத்திலிருந்து சிரிப்பு முதல்முறையாக இறங்கியது. மர்வா அடுத்த பெட்டியை இறக்கி, அதன் அட்டையைத் திருப்பிப் படித்தாள்.