மூன்று சாட்சி, ஒரே மெஷின்

“மாத்திரையை இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம்” என்றார் ஹார்மோன் டாக்டர்.

மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்த தராசம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

தராசம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. கடை கடையாக ஏறி, எடைக்கருவிகளைச் சோதித்து முத்திரை வைக்கும் அரசாங்க ஆய்வாளர் அவள். வியாபாரிகள் வைத்த பட்டம் நிலைத்துவிட்டது. அவள் தெருமுனை திரும்பினாலே பாதிக் கடைகளில் தராசைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

பக்கத்து நாற்காலியில் அவளுடைய ஒன்பது வயது மகள், செல்லப் பெயர் வாலு, காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாக வாலுவுக்குக் கொத்துக் கொத்தாக முடி கொட்டியது. எதற்கும் பார்த்துவிடுவோம் என்று எடுத்த டெஸ்ட் இப்படி வந்து நிற்கிறது.

“டி-4, அதாவது தைராய்டு ஹார்மோன், இருக்க வேண்டியதைப் போல ரெண்டு மடங்கு. டி.எஸ்.ஹெச். கிட்டத்தட்ட பூஜ்யம். அது மூளையிலிருந்து கழுத்துச் சுரப்பிக்குப் போற உத்தரவு, ‘இன்னும் கொஞ்சம் சுரந்து விடு’ன்னு. ஹார்மோன் அளவுக்கு மீறிட்டா மூளை உத்தரவை நிறுத்திடும். போதாததுக்கு, சுரப்பியைத் தூண்டிவிடற எதிர்ப்புப் பொருளும் ரத்தத்துல இருக்குன்னு வந்திருக்கு. மூணு சாட்சியும் ஒண்ணாச் சொல்லுது. ரெண்டு வருஷமாவது மாத்திரை சாப்பிடணும்.”

“அந்த மாத்திரையால வேற தொந்தரவு வருமா டாக்டர்?”

“நல்ல மருந்துதான். ஆனா கண்காணிப்புலயே இருக்கணும். அபூர்வமா வெள்ளை அணு குறையும், கல்லீரலைப் பாதிக்கும்.”

தராசம்மா தாளை இன்னொரு முறை பார்த்தாள். நோய் இருந்தால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். இருந்தால்.

“இந்த நோய் வந்த குழந்தை எப்படி இருக்கும்?”

“இளைக்கும். நெஞ்சு படபடக்கும். கை நடுங்கும். தூக்கம் பிடிக்காது.”

“இவ ரெண்டு மாசத்துல ஒண்ணரைக் கிலோ ஏறியிருக்கா. என் வீட்டுத் தராசு பொய் சொல்லாது. படுத்தான்னா இடி விழுந்தாலும் புரண்டுதான் படுப்பா.”

“அம்மா!” என்று வாலு முறைத்தாள்.

டாக்டர் வாலுவின் நாடியைப் பிடித்து எண்ணினார். எழுபத்தாறு. விரல்களை நீட்டச் சொன்னார். நடுக்கம் இல்லை. கழுத்தைத் தடவினார். வீக்கமும் இல்லை.

“மூணு டெஸ்ட்டும் ஒரே மெஷின்ல பார்த்ததா டாக்டர்?”

“ஆமா. ஒரே லேப், ஒரே மெஷின்.”

“அப்ப மூணு சாட்சி எப்படி ஆகும்? கோளாறான தராசுல மூணு தடவை வச்சாலும் மூணு தடவையும் தப்பாத்தான் காட்டும்.”

டாக்டர் பேனாவை மூடினார். மெல்லச் சிரித்தார்.

“ஞாயம்தான். நாடி சரியா இருக்கறதால ஒரு வாரம் தள்ளலாம். வேற லேப்ல மறுபடி எடுப்போம். அதுவரைக்கும் தினமும் காலையில நாடி எண்ணி எழுதுங்க. படபடப்புன்னா அந்த நிமிஷமே கூட்டிட்டு வரணும். அப்புறம் ஒண்ணு. சத்து மாத்திரை, டானிக் ஏதாவது கொடுக்கறீங்களா? சிலது இந்த டெஸ்ட்டையே குழப்பிவிட்டுடும்.”

“இல்லவே இல்ல.”

ஆடிக்கொண்டிருந்த வாலுவின் கால்கள் சட்டென்று நின்றன.

தராசம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

கடைக்குள் போனால் அவள் முதலில் பார்ப்பது முள்ளை அல்ல. தட்டைத் தூக்கி அடியைத் தடவுவாள். காந்தமோ, ஒரு துண்டு ஈயமோ அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் அதே வேலையை ஆரம்பித்தாள். அலமாரி, புத்தகப் பை, கிரேயான் பெட்டி. கடைசியில் ரிப்பன் டப்பா. ரிப்பன்களுக்கு அடியில், உள்ளங்கை அகலத்தில் ஒரு ரோஸ் நிற டின்.

“இது என்னடி?”

வாலு சுவரைப் பார்த்தாள். “முடி வளர்ற மிட்டாய். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சித்தி சத்தியம் வாங்கியிருக்காங்க.”

“தினமும் எத்தனை?”

“...ஒண்ணு.”

பதினைந்தாவது நிமிடம் தராசம்மா தங்கையின் பியூட்டி பார்லரில் நின்றாள். வாலுவும் கூடவே. தங்கை ஒரு பெண்மணியின் தலையில் பாதியை வெட்டி முடித்திருந்தாள்.

“வாக்கா, உட்காரு. என்ன இந்த நேரத்துல...”

டின் கண்ணாடிக்கு முன்னால் டக்கென்று உட்கார்ந்தது. “எத்தனை நாளாக் கொடுக்கறே?”

தங்கையின் கத்தரி அந்தரத்தில் நின்றது. “ஒரு மாசம். முடிக்குத்தானே கொடுத்தேன், விஷமா கொடுத்துட்டேன்?”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா விட்டிருப்பியா? எதைச் சொன்னாலும் ‘சான்று எங்கே, முத்திரை எங்கே’ம்ப!”

“விட்டிருக்க மாட்டேன்.”

“அதான் சொல்லல!”

பாதித் தலைப் பெண்மணி கண்ணாடி வழியே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மிச்சப் பாதி என்னவாகுமோ என்ற கவலை அவளுக்கு.

தராசம்மா டின்னைத் திருப்பி, பொடி எழுத்துகளைப் படித்தபடியே டாக்டருக்குப் போன் போட்டாள். “பயோட்டின்னு போட்டிருக்கு டாக்டர். ஒரு மாத்திரைக்கு அஞ்சு மில்லிகிராம்.”

டாக்டர் அவளை மேலே படிக்க விடவில்லை.

“உடனே நிறுத்துங்க. பல மெஷின்கள் பயோட்டினைத்தான் தூண்டில் மாதிரி வச்சு ஹார்மோனைப் பிடிக்குது. ரத்தத்துலயே அது ஏகப்பட்டது மிதந்தா தூண்டில் குழம்பிப் போகும். ஒரு டெஸ்ட் உள்ளதைவிடக் குறைச்சுக் காட்டும், இன்னொண்ணு கூட்டிக் காட்டும். ஆனா இப்பவே முடிவு சொல்ல மாட்டேன். ஒரு வாரம் ஒண்ணுகூடக் கொடுக்காதீங்க. ரத்தம் சொல்லட்டும்.”

ஏழு நாள். காலையில் வாலு கண் விழிக்குமுன் தராசம்மாவின் விரல் அவள் மணிக்கட்டில் இருக்கும். எழுபத்து நாலு. எழுபத்தெட்டு. எழுபத்தாறு. ஒவ்வொரு நாளும் எழுதி வைத்தாள். அவள் தங்கை மூன்று முறை போன் செய்தாள்; மூன்று முறையும் “நாடி எவ்வளவு?” என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டாள்.

எட்டாம் நாள் வேறு லேபில் ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் டாக்டருக்கு எதிரே தராசம்மா, வாலு, தங்கை என்று மூன்று பேர்.

“டி.எஸ்.ஹெச். ரெண்டு புள்ளி மூணு. டி-4 சரியான அளவு. எதிர்ப்புப் பொருள் இல்ல” என்றார் டாக்டர். “பாப்பாவுக்குத் தைராய்டு நோய் கிடையாது. மாத்திரையும் கிடையாது.”

“அப்ப முடி?”

“நாலு மாசம் முன்னாடி பெரிய காய்ச்சல் வந்துச்சுன்னு சொன்னீங்களே, அதோட வேலையாத்தான் இருக்கும். புது முடி முளைக்குது, பாருங்க.”

தங்கை மூக்கை உறிஞ்சினாள். “என்னாலதானேக்கா இவ்வளவும்.”

“உன்னால மட்டும் இல்ல. டாக்டர் கேட்டப்ப ‘இல்லவே இல்ல’ன்னு அடிச்சுச் சொன்னது யாரு? தட்டைத் தூக்கிப் பார்க்காமயே முத்திரை குத்திட்டேன். ஒரு கடையில இப்படிப் பண்ணியிருந்தா என் வேலையே போயிருக்கும்.”

அவள் வாலுவின் மருத்துவ அட்டையை எடுத்தாள். ‘வேறு மருந்துகள்’ என்ற இடம் காலியாக இருந்தது. ‘பயோட்டின், ஒரு மாதம், தினம் ஒன்று’ என்று எழுதித் தங்கையிடம் நீட்டினாள்.

“கையெழுத்துப் போடு.”

“இதுக்குமா?”

“இதுக்குத்தான்.”

வாலு எட்டிப் பார்த்தாள். காலை ஆட்டுவதை நிறுத்தினாள்.

“அம்மா, அந்த ‘ஒன்று’ங்கறதை அடிச்சிடு. மிட்டாய் நல்லா இருந்துச்சா... ரெண்டு ரெண்டாத்தான் தின்னேன்.”

தராசம்மா பேனாவைத் திரும்ப வாங்கி, ஒன்றை அடித்து இரண்டாக்கினாள். அட்டையை மகள் பக்கம் தள்ளினாள்.

“நீயும் போடு.”