படத்தில் இல்லாதவர்கள்

விடிவதற்கு முன்பே கம்பி தோளுக்கு வந்துவிடும். ராத்திரி முழுக்க வெட்டவெளியில் நனைந்து கிடந்த கம்பி; தொட்டதும் உள்ளங்கை மரத்துப்போகும். தோளில் சாக்கை மடித்துப் போட்டு, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவராக மாடி மாடியாக ஏற்றுவோம். பாரம் தூக்க இயந்திரம் இல்லாமலில்லை. அதற்கு டீசல் ஊற்ற வேண்டும். எங்களுக்கு ஒரு கிளாஸ் டீ போதும்.

கட்டடம் சொன்ன கெடுவுக்குள் முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். முதலாளி சிமெண்டுக்குப் பணம் கட்டாமல் இழுத்தடித்ததில் பாதிக் கெடு போய்விட்டது. தாமதமானால், வேலையைக் கொடுத்த பெரிய கம்பெனி அபராதம் போடும். ஆனால் மழையால் வேலை நின்றது என்று காட்டினால், நின்ற அத்தனை நாளும் கூடுதலாகக் கிடைக்கும். காட்டுவதற்குத்தான் போட்டோ.

தூறல் விழுந்தால் போதும், சைட் இன்ஜினியர் விசில் ஊதுவார். போட்டது போட்டபடி இறங்கிச் சிமெண்ட் கொட்டகைக்குப் பின்னால் நாங்கள் ஒளிய வேண்டும். ஆளில்லாத சாரத்தையும் பெய்யும் மழையையும் தேதியோடு படம் பிடிப்பார். மறுபடி விசில். மறுபடி ஏறி, நனைந்துகொண்டே பொழுது சாயும்வரை வேலை. காகிதத்தில் வேலை நடக்காத நாள் என்பதால் அரைக் கூலிதான். நல்ல நியாயம்!

அவருக்குப் 'போட்டோ சார்' என்று பெயர் வைத்தது நெட்டை. என் தங்கை புருஷன். "என் கல்யாணத்துலகூட இத்தனை போட்டோ எடுக்கல மச்சான். இதுல ஒண்ணுலகூட நான் இல்ல பாரு" என்பான். தங்கை தலையில் ஜல்லிச் சட்டியோடு சிரித்துக்கொண்டே போவாள்.

அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டபோது நெட்டை வெளிச்சாரத்தில் நின்று கம்பி கட்டிக்கொண்டிருந்தான். இடுப்புக் கயிற்றை அவிழ்த்தால்தான் இறங்க முடியும். போட்டோ சார் விசில் ஊதினார்.

"சீக்கிரம்யா நெட்டை! மழை விட்டுடப் போவுது!"

அவசரமாக அவிழ்த்தான். ஈரப் பலகை காலை வாரிவிட்டது. சத்தம் பெரிதாக இல்லை. மணல் மூட்டையை இறக்கினால் வருமே, அவ்வளவுதான்.

தங்கை சட்டியை எறிந்துவிட்டு ஓடினாள்.

"ஏம்மா, ஓரமாப் போ! படத்துல விழற!"

போட்டோ சாரின் வாயில் முதலில் வந்தது அதுதான். பலகையில் கிடத்தி அவனைத் தூக்கிப்போன பிறகு, தரையிலிருந்த ரத்தத்தை மழை கழுவும்வரை குடை பிடித்துக் காத்திருந்து, அன்றைய படத்தையும் எடுத்து முடித்தாராம்.

முதுகெலும்பு நொறுங்கியிருந்தது; இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார் டாக்டர். மறுநாள் தங்கையை அழைத்துக்கொண்டு எல்லோரும் முதலாளியின் அறைக்குப் போனோம். அவர் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார்.

"பாருங்க. நேத்து சைட்ல ஒரு ஈ காக்கா இருக்கா? வேலையே நடக்காத நாள்ல இவ புருஷன் எதுக்கு மேல ஏறினான்? திருடவா?"

"கம்பி கட்டத்தான் ஏறினாரு முதலாளி. உங்க படத்துக்காகத்தான் இறங்கினாரு" என்றாள் தங்கை.

அவர் ஒரு தாளையும் மைப்பெட்டியையும் நகர்த்தினார். "லீவு நாள்ல தானா வந்து விழுந்தான்னு கைநாட்டு வை. ஆபரேஷன் செலவை நான் பாத்துக்கறேன். மாட்டேன்னு கேஸு கீஸுன்னு அலைஞ்சியோ, அவன் அங்கேயே கெடந்து அழுகட்டும்."

சிமெண்ட் தின்று ரேகை தேய்ந்த அவள் கட்டைவிரல் மைப்பெட்டி வரை போய் நின்றது. 'வைத்துவிடு' என்று சொல்ல எனக்கே நாக்குத் துடித்தது. அவன் பிழைக்க வேண்டாமா?

"அவர் காலையும் எடுத்துட்டு, அவர் உழைச்சதையுமாய்யா இல்லேங்கறீங்க?" என்று அழுதாள்.

எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாத கொத்தனார் முன்னால் வந்தார். "நேத்து நான் இருந்தேன் முதலாளி."

"நானும் இருந்தேன்" என்றேன். பின்னாலிருந்து சித்தாள்கள் சத்தம் போட்டார்கள்.

முதலாளிக்கு முகம் வெளுத்தது. "லூசுங்களா! நீங்க இருந்தோம்னு சொன்னா என் மழை நாள் ஒண்ணுகூட நிக்காது. கம்பெனியே முழுகிடும். அப்புறம் உங்க அடுப்புல பூனைதான் தூங்கும்!"

"இப்பவும் அதுதான் தூங்குது" என்றார் கொத்தனார். "ஆபரேஷனுக்கு நாங்க வீடு வீடா ஏறி இறங்கிக் காசு சேத்துக்கறோம். வாம்மா."

தாள் கைநாட்டு இல்லாமலே கிடந்தது. கொட்டும் மழையில் தொழிலாளர் அலுவலகத்துக்கு நடந்தோம். எங்கள் துணியிலிருந்து வழிந்த தண்ணீர் அறையெல்லாம் ஓடியது. அதிகாரி முகத்தைச் சுளித்தார்.

"சாட்சிக்கு இத்தனை பேரா? ஒரு ஆள் போதுமே."

"ஒரு ஆள்னா நாளைக்கே வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க சார். எல்லாரையும் எழுதிக்குங்க" என்றார் கொத்தனார்.

நாளை வேலை இருக்குமா, நெட்டை எழுந்து நடப்பானா, யாருக்கும் தெரியாது. தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதிகாரியின் எதிரே உட்கார்ந்தாள். அவள் முதுகை ஒட்டி நாங்கள் நின்றோம்.

"எழுதுங்க சார்" என்றாள். "நேத்து நல்ல மழை. நாங்க எல்லாரும் வேலையில இருந்தோம்."