மலைக்கா சினிமாவும் ஆறு மணிப் படகும்

கிசிமானி ஊரில் இன்று மாவு மில் ஓடுகிற இடத்தில்தான் மலைக்கா சினிமா இருந்தது. கொப்பரை வியாபாரி கர்மாலி கட்டியது. கயிறு திரிக்கும் கற்றாழை நாருக்கு நல்ல விலை கிடைத்த காலம் அது. தோட்டங்களில் கூலி போட்ட அன்று ஊரே சினிமா வாசலில் நிற்கும். நீலச் சுவர், தகரக் கூரை. முன்னால் பெஞ்சு, பின்னால் நாற்காலி. மழை பிடித்துக்கொண்டால் தகரச் சத்தத்தில் ஒரு வசனமும் காதில் விழாது. வந்த படமெல்லாம் இந்திப் படம். கேட்டாலும் எங்களுக்குப் புரியப் போவதில்லை என்பதால் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக் காட்சி பெண்களுக்கு மட்டும். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் எங்கள் ஊர் புயூனியிலிருந்து நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் போவோம். இருப்பதில் நல்ல காங்காத் துணியை உடுத்திக்கொண்டு, மிளகாய்த்தூள் தூவிய சுட்ட மரவள்ளிக்கிழங்கைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போவோம். எங்கள் துயரம் ஒன்றே ஒன்றுதான். கடைசிப் படகு ஆறு மணிக்கு. படம் முடிய இன்னும் அரை மணி இருக்கும்போது துறையில் சங்கு ஊதிவிடும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவோம். எத்தனையோ படம் பார்த்தோம், ஒன்றின் முடிவையும் பார்த்ததில்லை. முடிவைப் பற்றிக் கிசிமானிப் பெண்களிடம் கேட்கவும் மாட்டோம். கேட்டால், "அக்கரைக்காரிக்கு அரைப் படம்" என்று சிரிப்பார்கள்.

எங்கள் கூட்டத்துக்குத் தலைவி சிகுஜுவா. புருஷன் தலாக் சொல்லிவிட, தாய் வீட்டுக்குத் திரும்பி, கணவாய் மீன் வறுத்து விற்றுப் பிழைத்தவள். அழுது யாரும் பார்த்ததில்லை. தொண்டை மட்டும் துறை முழுவதும் கேட்கும். படகில் ஏறியதும் அன்றைய கதையை ஆரம்பித்துவிடுவாள். படம் பார்க்காத ஆண்கள்கூட சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து நிற்பார்கள்.

காரும் ஏற்றும் அந்த இன்ஜின் படகை ஓட்டியவர் கொம்போ. மனைவியை இழந்தவர், சிரிப்பதே அபூர்வம். நேரம் என்றால் நேரம்தான். சினிமா ஆகாது என்பார். ஆனால் சிகுஜுவா கதை சொல்லும்போது இன்ஜின் சத்தம் மெல்லக் குறைவதை நான் கவனித்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தது ஒரு குதிரைக்காரன் கதை. செய்யாத கொலைக்கு அவனைப் பிடித்துவிடுகிறார்கள்.

"தூக்குமேடையில நிறுத்திட்டாங்க. கயிறு கழுத்துல. அந்தப் பொண்ணு தலைவிரி கோலமா ஓடி வர்றா. அந்த நேரம் பாத்து..." என்று நிறுத்தினாள் சிகுஜுவா.

"நேரம் பாத்து?" என்று மேலே ஓட்டும் கூண்டிலிருந்து கேட்டார் கொம்போ. அதுவரை அவர் எங்களிடம் பேசியதே இல்லை.

"உங்க சங்கு ஊதிருச்சு, கேப்டன்."

படகே சிரித்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து சிகுஜுவா கணவாய்க் கூடையுடன் படகில் ஏறியபோது, அவள் பக்கம் பார்க்காமலேயே, "அவன் சாகல. பொண்ணு வந்து நிறுத்திட்டா" என்றார் கொம்போ.

"எந்த அவன்?"

"குதிரைக்காரன்."

"நீங்க போய்ப் பாத்தீங்களா?"

"டிக்கெட் கிழிக்கிறவன் சொன்னான்."

டிக்கெட் கிழிக்கிறவன் எங்களிடம் சொன்னது வேறு. திங்கட்கிழமை மாலைக் காட்சிக்குக் கொம்போ தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாராம். தூக்குமேடைக் காட்சியில் பெஞ்சை விட்டு எழுந்து நின்றேவிட்டாராம். பின்னால் இருந்தவர்கள் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்களாம்.

அடுத்த ஞாயிறு ஆறு மணி ஆகியும் சங்கு ஊதவில்லை. எங்களுக்கு எழுந்திருக்க மனமில்லை. கடைசிவரை உட்கார்ந்து பார்த்தோம். காணாமல் போன பிள்ளை தாயிடம் வந்து சேர்ந்தான், நாங்கள் விம்மி விம்மி அழுதோம். வெளியே வந்த பிறகுதான் பயம் பிடித்தது. இனி எங்கே படகு? ராத்திரி யார் வீட்டில் படுப்பது?

துறைக்குப் போனால் படகு நிற்கிறது! படகுத் தட்டின் மேல் மாவட்ட அதிகாரியின் கார். அதிகாரி கொம்போவைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"மணி என்னய்யா ஆகுது? அக்கரையில கல்யாண வீட்டுல எல்லாரும் காத்திருக்காங்க!"

"தெரியுமுங்க. படம் இன்னும் விடல."

"படமா? படத்துக்கும் படகுக்கும் என்னய்யா சம்பந்தம்? உன் வேலைக்கு உலை வெச்சுடுவேன், பாத்துக்க!"

"வைங்க, ஐயா. ஆனா உங்க வீட்டம்மாவும் சினிமாவுக்குள்ளதான் இருக்காங்க. அவங்கள விட்டுட்டுப் போகணும்னா சொல்லுங்க, இப்பவே எடுத்துடறேன்."

அதிகாரி திரும்பிப் பார்த்தார். எங்கள் கூட்டத்தின் நடுவே அவர் மனைவி, அழுது வீங்கிய கண்ணோடு வந்துகொண்டிருந்தாள்.

"எங்கடி போயிருந்தே? நீ முன்னாலயே கல்யாண வீட்டுக்குப் போயிட்டேன்னில்ல நினைச்சேன்?"

"அந்தத் தாய் பட்ட பாட்டுக்கு முன்னாடி கல்யாண விருந்து ஆறுறது ஒரு பெரிசா? வண்டியில ஏறுங்க" என்று சொல்லிவிட்டு, காரில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதிகாரியும் பின்னாலேயே போய் ஏறிக்கொண்டார். அந்த மாதமே துறையில் இருந்த பலகையை மாற்றி எழுதினார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடைசிப் படகு ஆறரைக்கு. யார் வீட்டம்மா சொல்லி மாற்றினார்கள் என்று எங்களுக்கெல்லாம் தெரியும்.

மழைக்காலம் முடிந்ததும் கொம்போவின் அக்கா ஒரு தட்டு அல்வாவோடு சிகுஜுவாவின் தாய் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தாள். சிகுஜுவா உள்ளேயிருந்தே சத்தம் போட்டாள்: "ஞாயித்துக்கிழமை படத்துக்குப் போகாதேன்னு சொல்லக் கூடாது. வேற ஒண்ணும் எனக்கு வேணாம்னு உங்க தம்பிகிட்ட சொல்லுங்க."

"அவன்தான் டிக்கெட்டே வாங்கித் தருவான் போல இருக்கு" என்றாள் அக்கா.

கல்யாணத்துக்கு அடுத்த ஞாயிறு புயூனிப் பெண்களிடம் கர்மாலி காசு வாங்கவில்லை. மணப்பெண்ணைப் பின்வரிசை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவளோ கொஞ்ச நேரத்தில் எழுந்து எங்கள் பெஞ்சுக்கே வந்துவிட்டாள்.

அதன்பின் நல்ல வருஷங்கள் நிறைய இருந்தன. பிறகு உலகம் நைலான் கயிற்றுக்கு மாறியது, கற்றாழைத் தோட்டங்கள் புதர் மண்டின. கர்மாலி கண்ணை மூடினார். அவர் பிள்ளைகள் தார் எஸ் ஸலாமுக்குப் போய்விட்டார்கள். டாங்கா நகரத்திலிருந்து வரும் படச்சுருள்கள் அறுந்து அறுந்து ஒட்டுப் போட்டவையாக இருந்தன. கடைத்தெருவில் ஒருவன் வீடியோ பெட்டி வைத்தான். மலைக்கா வாரம் ஒரு காட்சி ஆகி, பிறகு அதுவும் இல்லாமல் போனது. தகரத்தை விற்றார்கள். திறந்து கிடந்த சுவரை மழை சாய்த்துவிட்டது. கல்லை ஊரார் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துப் போனார்கள். நானும் ஒரு படகுச் சுமை கொண்டுவந்தேன். என் அடுப்படிச் சுவரில் அங்கங்கே நீலம் தெரியும். என் மருமகள் சுண்ணாம்பு அடிக்கலாம் என்றாள், நான் வேண்டாம் என்றுவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை நானும் சிகுஜுவாவும் சோளம் அரைக்க, மலைக்கா இருந்த இடத்து மில்லுக்குப் போனோம். நல்ல கூட்டம்.

"பொம்பளைங்க உக்கார ஒரு பெஞ்சு போட மாட்டியா? இந்த இடத்துல நாங்க நின்னதே இல்லடா" என்று மில்காரனிடம் சண்டைக்குப் போனாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அந்தத் தொண்டைக்குப் பயந்து பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு பெஞ்சைத் தூக்கிவந்து போட்டான்.

உட்கார்ந்தோம். எங்கள் முறை வர நேரமாகும் என்றான். "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு, கணவாய்ப் பொட்டலத்தை மடியில் பிரித்தாள் சிகுஜுவா.