தண்ணியில் ஒரு மணி நேரம்

கமலநாதன் முப்பத்தெட்டு வயது வரை பீரை ருசி பார்த்ததுகூடக் கிடையாது. அவனுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் கைப்பேசியில் ஜெட் ஸ்கி ஓட்டும் விளையாட்டு. அலை மேல் ஏறி, அந்தரத்தில் குட்டிக்கரணம் போட்டு, கவிழாமல் கடலில் இறங்க வேண்டும். அதில் அவன் பெரிய ஆள். பிரிக்பீல்ட்ஸ் காப்புறுதி அலுவலகத்தில்தான் சின்ன ஆள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானிலிருந்து ஜெஞ்சாரோமுக்கு அவன் மோட்டார் சைக்கிளில் கிளம்பியது செம்பனைத் தோட்டத்துக் காற்று வாங்க அல்ல, தாமரைக்காக. "எனக்குச் சம்மதம். அண்ணன் சரின்னு சொல்லணும்" என்றிருந்தாள் அவள். அந்த அண்ணன் ஜெயராஜ், 'கிள்ளான் புயல்கள்' என்ற மோட்டார் சைக்கிள் குழுவின் தலைவர். ஜாதகத்தை ஐயர் பார்க்கட்டும், ஆளை நான் ரோட்டில் பார்க்கிறேன் என்பது அவர் கொள்கை.

அவனையும் சேர்த்துக்கொண்டு கிளம்பிய புயல்கள் கிள்ளானைத் தாண்டுவதற்குள் இரண்டு தடவை ரொட்டி சானாய்க்கு நின்றன. தோட்டத்து மண்சாலையில் மூன்றாவது தடவையாக இடுப்பு வலிக்கு நின்றபோது, ஜெயராஜ் அவனைத் தனியே அழைத்தார்.

"வேல முடிஞ்சி வீட்டுக்கு வந்தா என்னா செய்வீங்க, தம்பி?"

விளையாட்டை மறைத்துக் கல்யாணம் செய்வது பாவம் என்று கமலநாதன் நினைத்தான். "உண்மைய சொல்லிடுறேண்ணே. தெனமும் ஒரு மணி நேரம் தண்ணியிலதான் இருப்பேன்."

ஜெயராஜ் ஹெல்மட்டைக் கழற்றினார். "யாரோட?"

"தனியாத்தான், ரூம் கதவ சாத்திக்கிட்டு. சனிக்கிழமைன்னா கூட்டாளிங்களோட, விடிய விடிய."

"கீழ விழுவீங்களா?"

"ஆரம்பத்துல விழுந்தேன். இப்ப குட்டிக்கரணம் போட்டாலும் ஸ்டெடியா நிப்பேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே. கண்ணு கெட்டுரும்னு திட்டுவாங்க."

ஜெயராஜ் அவன் தோளைத் தட்டினார். "மறைக்காம சொன்னீங்க பாருங்க, அதான் லா ஆம்பள! எங்க அப்பா, சித்தப்பா எல்லாமே தண்ணிதான்."

அந்தக் காலத்திலேயே இந்த விளையாட்டா என்று கமலநாதனுக்கு வியப்பு. பெண் வீட்டாரைக் குறுக்கு விசாரணை செய்வது அழகல்ல என்று விட்டுவிட்டான். அதன் பிறகு வரிசையின் வாலில் வந்தவனுக்குத் தலைவரின் பின்னாலேயே இடம் கிடைத்தது. வழியெல்லாம் மனசுக்குள் மேளம் கொட்டியது.

ஜெஞ்சாரோம் தாண்டி, ஆற்றோரச் சீனர் கடையில் நண்டும் பீரும் வந்தன.

"மாப்பிள்ளைக்குப் பெரிய பாட்டிலா வைங்க!" என்றார் ஜெயராஜ்.

"ஐயோ, நான் குடிக்க மாட்டேண்ணே."

"கதவ சாத்திட்டுத்தான் குடிப்பாரு!" மேசையே சிரித்தது.

கமலநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது. பதறிப்போய்க் கைப்பேசியை எடுத்து விளையாட்டைத் திறந்து நீட்டினான். "இந்தத் தண்ணிண்ணே!" திரையில் ஜெட் ஸ்கி கரணம் போட்டது. 'டிங் டிங்' என்று தங்கக் காசு கொட்டியது.

யாரும் சிரிக்கவில்லை. ஜெயராஜ் முகம் சுருங்கிவிட்டது.

"குடிக்கிறவன்னா கல்யாணத்துக்கப்புறம் திருந்திருவான்னு சொல்லலாம். கேம் வெளையாடுறான்னு சொந்தக்காரங்கட்ட எப்படி லா சொல்றது? முப்பத்தெட்டு வயசு!"

"பொறுப்பு வேணும் தம்பி" என்று குழறினார் பக்கத்திலிருந்த இராமலிங்கம். அவருக்கு நாற்காலியில் நேராக உட்கார முடியவில்லை.

கமலநாதனுக்கு அழுகை முட்டியது. தாமரையை இழக்க அவனால் முடியாது. பெரிய பாட்டிலை எடுத்தான், கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று குடித்தான். தொண்டை எரிந்தது, குமட்டியது. பாட்டிலைக் காலியாக்கித்தான் கீழே வைத்தான்.

ஜெயராஜின் முகம் மெல்லத் தெளிந்தது. அங்கேயே தங்கைக்குப் போன் போட்டார்.

"தங்கமான பையன்மா. கொஞ்சம் தண்ணி போடுவாரு. மத்தபடி ஒரு கெட்ட பழக்கமும் இல்ல."