நிலாக்கல்லைத் தொட்ட கை

தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் சிவசாமி என்ற பேரில் மூன்று பேர் இருந்தார்கள். கோழி வளர்த்ததால் ஒருவர் கோழிச் சிவசாமி. தேயிலை ஸ்டோரில் வேலை பார்த்ததால் இன்னொருவர் ஸ்டோர்ச் சிவசாமி. மூன்றாமவர் தொழிற்சங்கத் தலைவர். நியாயமாகப் பார்த்தால் அவரைத் தலைவர் சிவசாமி என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அக்கரப்பத்தனைப் பக்கம் எந்த லயத்து வீட்டில் போய்க் கேட்டாலும் 'நெலாக்கல்லு சிவசாமி' என்றால்தான் ஆள் தெரியும்.

காரணம் இதுதான். நிலாவில் ஆள் இறங்கிய மறுவருஷம் அவர் சங்கக் கூட்டத்துக்குக் கொழும்புக்குப் போனார். நிலாவிலிருந்து கொண்டுவந்த கல்லை அங்கே ஒரு மண்டபத்தில் காட்சிக்கு வைத்திருப்பதாகப் பேச்சு அடிபட்டது. கூட்டம் முடிந்து ஊர் திரும்பி அவர் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, சம்பளப் பிரச்சினை என்னவாயிற்று என்று ஒருத்தரும் கேட்கவில்லை. "தலைவரே, கல்லைப் பாத்தீங்களா?" என்றுதான் கேட்டார்கள்.

"பாக்குறதென்ன, தொட்டே பாத்துட்டேன்" என்றார் சிவசாமி. "பனியில கெடந்த பாறை மாதிரி சில்லுன்னு இருந்துச்சு."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பொய்க்குத்தான் பசி அடங்காதே! அடுத்த மாதம் அந்தக் கல்லில் வெடிமருந்து வாசம் வந்தது. அதற்கடுத்த மாதம், பார்க்கச் சிறிசாக இருந்தாலும் தூக்கினால் கனத்தது. அவர் மனைவி பூரணி அதைக் கொழுந்து பறிக்கும் மலையில் சொல்லிச் சொல்லி, கடைசியில் கல்லைத் தானே தொட்டவள் போல ஆகிவிட்டாள்.

நடந்தது வேறு. மண்டபத்துக்கு வெளியே நீண்ட வரிசை நின்றது. சிவசாமியும் போய் நின்றார். கணக்கப்பிள்ளையிடம் இரவல் வாங்கிய கோட்டு மேலே இருந்தது; காலில் ஒன்றும் இல்லை. முன்னால் நின்றவர்கள் எல்லாம் காற்சட்டையும் சப்பாத்துமாக இருந்தார்கள். ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டார். வாசல் காவல்காரன் அவருடைய காலைப் பார்த்தான். பார்த்தான், அவ்வளவுதான். சிவசாமி யாரையோ தேடுகிறவர் போலக் கழுத்தை நீட்டிக்கொண்டே வரிசையை விட்டு விலகினார். காலிமுகத்திடலில் போய்க் கடலைப் பார்த்தார், இறால் வடை தின்றார், ரயிலேறிவிட்டார். அவரை யாரும் விரட்டவில்லை. விரட்டியிருந்தால் சங்கத்தில் சொல்லி ஒரு போராட்டமாவது நடத்தியிருப்பார். தானாகவே வெட்கப்பட்டு விலகியதை எந்தச் சங்கத்தில் போய்ச் சொல்வது?

இந்தக் கல்லின் புகழுக்கு ஒரே ஒரு எதிரி இருந்தான். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற ஆண்டியப்பன். எதையும் நம்பாமல் இருப்பதில் அவனுக்கு ஒரு சுகம். பேப்பரில் வந்த நிலாப் படத்தைக் கிழித்து வைத்துக்கொண்டு கடை வாசலில் நின்று கேட்பான்.

"வானம் கறுப்பா கெடக்குதே, ஒரு நட்சத்திரத்தையாச்சும் காட்டுங்க பாப்போம். காத்தே இல்லாத எடத்துல கொடி எப்புடி விரிஞ்சு நிக்குது? எல்லாம் எங்கயோ மணலைக் கொட்டி எடுத்த படம். நமக்கு இங்க ரொட்டிக்கு மாவு இல்ல, அவன் நெலாவுல குதிச்சு வெளாடுறானாம்!"

கொழும்புப் பயணம் முடிந்து மூன்று நாலு வருஷம் ஓடி, மாவுப் பஞ்சம் வந்திருந்தது. மரவள்ளிக் கிழங்குக்கே வரிசை நின்ற காலம். வயிறு காய்ந்த சனத்துக்கு ஆண்டியப்பன் பேச்சு இனித்தது. சிவசாமியிடம் நட்சத்திரத்துக்கும் பதில் இல்லை, கொடிக்கும் பதில் இல்லை. "நான் தொட்டேன்டா" என்ற ஒன்றுதான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆண்டியப்பன் எல்லோருக்கும் முன்னால் சொன்னான்: "தொட்டது நெசம்னா வாங்க தலைவரே. மாரியம்மன் முன்னால சூடம் அணைச்சு சத்தியம் பண்ணுங்க. நானும் பண்றேன்."

கோழித் திருட்டு, வேலிச் சண்டை, வேண்டாத சகவாசம் என்று தோட்டத்து வழக்கு எல்லாம் அப்படித்தான் தீரும். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து ஒருவன் சொல்லிவிட்டால் அப்புறம் மறுபேச்சு இல்லை. பொய் சொன்னவன் வீட்டை அம்மன் பார்த்துக்கொள்வாள். ஆனால் நிலா விவகாரம் இதுவரை அம்மனிடம் வந்ததில்லை. பூசாரி கணேசமூர்த்தி தலையைச் சொறிந்தார். "அம்மாவுக்கு நம்ம தோட்டத்து வழக்குத்தான் பழக்கம். இது ரொம்பத் தூரத்து வழக்கா இருக்கே" என்றார்.

சிரித்து மழுப்பிவிட்டு நடையைக் கட்டியிருக்கலாம். ஆனால் டிவிஷனே நின்றது, பூரணி முன்வரிசையில் நின்றாள். ஆண்டியப்பன் சூடத்தை அடித்து, "நெலாவுல மனுசன் கால் வைக்கல" என்றான். சிவசாமி அடுத்த சூடத்தை அடித்தார். "வச்சான். அங்கேருந்து வந்த கல்லை இந்தக் கை தொட்டிருக்கு."

உள்ளங்கையில் ஒரு கொப்புளம் வந்தது. அது ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. அம்மன் பெரிய மனசு பண்ணிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

மார்கழிப் பனியில் ஆண்டியப்பனின் மகள் நாகலெட்சுமிக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று வயசுப் பிள்ளை. காய்ச்சல் இழுப்பாக மாறியது. டிவிஷன் முழுக்க ஒரே பேச்சு: "பொய்ச் சத்தியம் சும்மா விடுமா?" தோட்டத்து டிஸ்பென்சரி மருந்து ஐயா வந்து பார்த்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஆண்டியப்பனின் மனைவி அழகம்மா முடியாது என்றுவிட்டாள். சாமி குத்தத்துக்கு ஊசி போட்டால் பிள்ளை செத்தே போகும் என்று அழுதாள். சத்தியத்தில் ஜெயித்தவர் மன்னித்தால்தான் குத்தம் இறங்கும் என்பது வழக்கம்.

மத்தியான மழையில் அவள் பிள்ளையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு சிவசாமியின் லயத்து வாசலுக்கு வந்தாள். இஸ்தோப்புத் திண்ணையில் பிள்ளையைக் கிடத்திவிட்டு அவர் காலில் விழுந்தாள். ஆண்டியப்பன் மழையிலேயே நின்றான். தலை நிமிரவில்லை.

"அண்ணே, அந்தக் கல்லைத் தொட்ட கையால எம்புள்ள தலையத் தொட்டு, மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே."

ஆண்டியப்பன் தோற்று நிற்பதைப் பார்க்க எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருந்தார் சிவசாமி. இப்போது பார்த்தார். கையை நீட்டினார். பிள்ளையின் மூச்சு விரலில் சுட்டது. தலையைத் தொட மனம் வரவில்லை. அது இன்னொரு சத்தியம் பண்ணுவதுபோல் இருந்தது. கையை இழுத்துக்கொண்டு, "மன்னிச்சேன்மா, மன்னிச்சேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார்.

அழகம்மா கண்ணைத் துடைத்தாள். முகம் தெளிந்துவிட்டது. "இனிமே ஆஸ்பத்திரி எதுக்குண்ணே? அம்மாவோட கோவம் எறங்கிருச்சு. வீட்டுக்குக் கொண்டுபோய் திண்ணூறு பூசுறேன்" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

ஒரு பொய்க்காக ஒரு பிள்ளை சாகப் போகிறது. சிவசாமி மழையில் இறங்கி ஓடினார்.

"அழகம்மா, நில்லு! சாமி குத்தமில்ல. பொய்ச் சத்தியம் பண்ணினது நான். அந்தக் கல்லை நான் தொடல. பாக்கக்கூட இல்ல. குத்தம்னா என் வீட்டுலதானே விழுந்திருக்கணும்? எனக்கு ஒண்ணும் ஆகலயே! இது வெறும் சளிக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போம்மா, ஒன் காலுல விழுறேன்."

அழகம்மா புருஷனைப் பார்த்தாள். ஆண்டியப்பன் சிவசாமியை ஒரு தடவை பார்த்தான். பிள்ளையை வாங்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, கொழுந்து லொறியை மறித்து ஏறினான்.

சிவசாமி திரும்பி வந்தபோது பூரணி வாசலில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்; மழைச் சத்தத்தில் அக்கம்பக்கத்துக்குக் கேட்கவில்லை. தலை துவட்டத் துண்டு கொடுத்தாள், தேத்தண்ணி வைத்தாள். வைதிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். இனித் தன் கதை கிழியும் என்று சிவசாமி காத்திருந்தார். காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும்போதெல்லாம் யாராவது சிரிக்கிறார்களா என்று பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஆண்டியப்பன் வாயைத் திறக்கவே இல்லை. தலைவர் மன்னித்ததால்தான் பிள்ளை பிழைத்தது என்று ஊரே தீர்மானித்துவிட்டது. காய்ச்சல் கண்ட பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பொம்பளைகள் அவர் வாசலுக்கு வந்தார்கள், அந்தக் கையால் தொட்டுவிடச் சொல்லி. கை வலிக்கிறது என்று சொல்லித் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். தப்பித்தோம் என்று மனசின் ஒரு மூலையில் நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

மாசியில் மாரியம்மன் திருவிழா வந்தது. பிள்ளை பிழைத்தால் புருஷன் கோயிலைச் சுற்றி உருளுவான் என்று அழகம்மா நேர்ந்திருந்தாள். ஊர் அதை அப்படிப் பார்க்கவில்லை. பொய்ச் சத்தியம் பண்ணியவன் தண்டனைக்கு உருள்கிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சிவசாமிக்குத் தலையில் பரிவட்டம் கட்டி, முதல் மரியாதை கொடுத்து, கோயில் வாசலிலேயே நிறுத்தினார்கள்.

ஆண்டியப்பன் ஈர வேட்டியோடு சேற்றில் உருண்டான். தப்பு மேளச் சத்தத்துக்கு மேலே இளவட்டங்களின் கேலி கேட்டது. "ஆண்டியப்பண்ணே, நெலா தெரியுதா? அங்கேருந்து யாராச்சும் கை காட்டுறாங்களா?" சனம் சிரித்தது. சேற்றோடு சேர்ந்து மாட்டுச் சாணமும் அவன் முகத்தில் அப்பியிருந்தது. ஒரு சரளைக்கல் நெற்றியைக் கிழித்து ரத்தம் வந்தது. அழகம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். அவளுக்கும் உண்மை தெரியும். அவளும் சொல்லவில்லை.

சிவசாமியால் நிற்க முடியவில்லை. பரிவட்டத்தைக் கழற்றிப் பூசாரி கையில் கொடுத்தார். சட்டையைக் கழற்றினார். ஆண்டியப்பனுக்குப் பக்கத்தில் சேற்றில் படுத்தார்.

ஒரு கணம் தப்பு தடுமாறியது. பிறகு பொம்பளைகள் குலவை போட்டார்கள். "தலைவருக்கு எவ்வளவு பெரிய மனசு பாத்தியா! எதிராளிக்காக அவரும் உருள்றாரு!" கணேசமூர்த்தி கண் கலங்கிக் கும்பிட்டார்.

சிவசாமிக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. பட்ட தண்டனையும் பெருமையாகிவிட்டது. பக்கத்தில் ஆண்டியப்பன் உருளுவதை நிறுத்தினான். இரண்டு பேர் முகமும் ஒரு சாண் தூரத்தில் இருந்தன.

"சொல்லிட்டு உருளுங்க தலைவரே" என்றான் மெதுவாக. "இல்லாட்டி எந்திரிச்சுப் போங்க."

"நீ ஏன்டா இவ்வளவு நாளா சொல்லல?"

"நான் சொன்னா எவன் நம்புவான்? தோத்தவன் ஒளறுறான்னு சொல்லுவாங்க. அது நீங்க சொல்ல வேண்டியது."

சிவசாமி முழங்காலை ஊன்றி எழுந்தார். கையைத் தூக்கினார். தப்பு நின்றது.

"எல்லாரும் கேட்டுக்கங்க. பொய்ச் சத்தியம் பண்ணினது ஆண்டியப்பன் இல்ல, நான். நெலாக்கல்லை நான் தொட்டதில்ல, பாத்ததும் இல்ல. அதைத் தொட விட்டாங்களான்னுகூட எனக்குத் தெரியாது. வரிசையில நின்னேன். வெறுங்காலோட நிக்க வெக்கமா இருந்துச்சு. விலகி வந்துட்டேன்."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான்: "அப்ப நெலாவுக்கு எவனும் போகலடோய்!"

அவ்வளவுதான், வெடித்துவிட்டது. சிரிப்பும் விசிலும் கைதட்டலும். தப்பு மறுபடி முழங்கியது. ஆண்டியப்பன் ஜெயித்துவிட்டான், வெள்ளைக்காரன் மணலில் படம் பிடித்தான், எல்லாம் அம்மன் முன்னாலேயே நிரூபணமாகிவிட்டது. சிவசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. அவர் பேச்சுக்கு இருந்த மதிப்பு அந்த நிமிஷத்தோடு முடிந்தது.

ஆண்டியப்பன் மட்டும் சந்தோஷப்படவில்லை. தன்னைத் தூக்க வந்த இளவட்டங்களைத் தள்ளிவிட்டுச் சேற்றிலேயே உட்கார்ந்தான். நெற்றி ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"இப்பவாச்சும் நெசத்தைச் சொல்லுங்க. அவனுங்க போனானுங்களா, இல்லையா?"

சிவசாமி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"போனாங்கடா. அவங்க நெலா வரைக்கும் போனாங்க. நான்தான் அந்த வாசல் வரைக்கும் போகல."